சிறு பறவைகளும் விலங்குகளும் எடுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ் குடும்பம்?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சில வருடங்களாக ஒரு தொடக்கநிலை ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆரும் 70-300 லென்ஸும் வைத்துப் பறவைகள் எடுத்து வருகிறேன். இனி அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். எந்தக் குடும்பத்துக்குள் நுழைவது என்பதில்தான் குழப்பம். லென்ஸ்கள் சேரச் சேர வெளியே வருவது கடினம் என்பதால் நன்றாக யோசித்தே இறங்க நினைக்கிறேன்.

நான் எடுப்பது பெரும்பாலும் சின்னப் பறவைகள். சிட்டு, மீன்கொத்தி, கதிர்க்குருவி மாதிரி. அவ்வப்போது மான், நரி, கீரி. வழியில் வண்ணத்துப்பூச்சி தென்பட்டால் அதையும் விடமாட்டேன். வண்டியில் உட்கார்ந்து எடுப்பது குறைவு. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை நடப்பேன். முக்காலி தூக்கிக்கொண்டு நடப்பது எனக்குச் சரிப்படாது.

கேட்ட இடமெல்லாம் "முதலில் ஃபுல் ஃப்ரேமுக்கு மாறு, மற்றதெல்லாம் அப்புறம்" என்கிறார்கள், அதாவது பெரிய சென்சார் கேமராவுக்கு. அது சரிதானா? நிக்கான் 180-600, சோனி 200-600, கேனான் 100-500, ஓஎம் சிஸ்டம் 300 என்று படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் எப்படி யோசிப்பீர்கள் என்று சொன்னால் போதும்.


காட்டுப்பாதை எழுதியது:

வாங்க தேன்சிட்டு. எதை எடுக்கிறீர்கள், எப்படி நடக்கிறீர்கள் என்று இரண்டையும் சொன்னதால் பதில் சொல்வது சுலபமாகிவிட்டது.

பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். லென்ஸிலிருந்து தொடங்குங்கள். பாடி நாலைந்து வருடத்தில் மாறிவிடும். லென்ஸ் பத்துப் பதினைந்து வருடம் கூட வரும், உங்கள் தோளில் தொங்கப்போவதும் அதுதான்.

லென்ஸை எப்படி ஒப்பிடுவது? தொலைவில் இருக்கும் ஒரு பறவையிலிருந்து எவ்வளவு ஒளியை நம்மால் அள்ள முடியும் என்பதை ஒளி நுழையும் துளையின் விட்டம்தான் தீர்மானிக்கிறது. குவியத் தூரத்தை (லென்ஸ் பெயரில் வரும் 300, 600 போன்ற மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைத்துவிடும். 300 எஃப் 4 என்றால் 75 மி.மீ. 400 எஃப் 5.6 என்றால் 71. 500 எஃப் 5.6 என்றால் 89. 600 எஃப் 6.3 என்றால் 95. கேனான் 100-500 லென்ஸ் 500-இல் எஃப் 7.1 ஆகிவிடும், ஆக 70. அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 800 எஃப் 11 லென்ஸ், 800 என்று பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும், 73 தான். பெரிய 600 எஃப் 4 லென்ஸுக்கு 150.

விட்டம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கு மடங்கு. 75-க்கும் 150-க்கும் நடுவே இரண்டு முழு ஸ்டாப் இருக்கிறது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). எந்தப் பாடியில், எந்த அளவு சென்சாரில் மாட்டினாலும், அதே இடத்தில் நின்று அதே பறவையை எடுத்தால் இந்தக் கணக்கு மாறாது. அதனால் "600-க்குச் சமமான லென்ஸ்" என்று யாராவது சொன்னால், அதன் துளை எத்தனை மி.மீ. என்று முதலில் வகுத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரில் நிற்பது எடை. துளை பெரிதானால் முன்கண்ணாடி பெரிதாகும், கண்ணாடி கனக்கும். சோனி, கேனான், நிக்கான் மூன்றின் இன்றைய 600 எஃப் 4 லென்ஸ்களும் 3 கிலோவுக்கு மேல். சோனி 200-600 காலர் (முக்காலியில் பொருத்தும் வளையம்) இல்லாமலே 2,115 கிராம். நிக்கான் 180-600 காலர் இல்லாமல் 1,955. கேனான் 100-500 சுமார் 1,370. இதோடு பாடியின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். முக்காலி இல்லாமல் கையிலேயே பிடித்து நடக்கப்போகிறவருக்கு இதுதான் முதல் வடிகட்டி.


நீர்க்காகம் எழுதியது:

// எந்தப் பாடியில், எந்த அளவு சென்சாரில் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது //

இதை அப்படியே ஏற்க முடியவில்லை. நான் ஏபிஎஸ்-சியிலிருந்து 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்குப் போனவன். அதிகாலைப் படங்களில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) குறைந்தது கண்கூடு. அதுவும் விடியற்காலையில் எடுக்கிறேன் என்கிறவருக்குப் பெரிய சென்சார் வேண்டாம் என்று சொல்வது சரியா? தேவைப்பட்டால் க்ராப் செய்துகொள்ளலாமே. 45 மெகாபிக்சலை டிஎக்ஸ் (நிக்கானின் ஏபிஎஸ்-சி) அளவுக்கு வெட்டினாலும் 19 மெகாபிக்சல் மிஞ்சுகிறது.


காட்டுப்பாதை எழுதியது:

நீர்க்காகம், நீங்கள் கண்டது உண்மைதான். ஆனால் அது எப்போது உண்மை என்பதைப் பார்க்க வேண்டும். ஃப்ரேமை நிரப்ப முடிகிற இடத்தில் பெரிய சென்சார் ஜெயிக்கும். மான் கூட்டம், பெரிய கொக்கு, நெருங்கி வரும் விலங்கு எல்லாம் அப்படி. சின்னப் பறவையில் பெரும்பாலும் நிரப்பவே முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். ஃபுல் ஃப்ரேமை ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டிய பிறகு, அதே லென்ஸ் போட்ட ஏபிஎஸ்-சி கேமராவுக்கும் அதற்கும் ஒளியில் வித்தியாசம் கிடையாது. வெட்டி எறிந்த ஓரத்தில் விழுந்த ஒளி பறவைக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

கணக்காகவே பார்ப்போம். 15 செ.மீ. நீளப் பறவை, 15 மீட்டர் தூரம், 600 மி.மீ. லென்ஸ். சென்சாரில் பறவையின் பிம்பம் 6 மி.மீ. இருக்கும். ஃபுல் ஃப்ரேமின் அகலம் 36 மி.மீ.; அதில் ஆறில் ஒரு பங்கு. இந்த 6 மி.மீ.க்குள் எத்தனை பிக்சல் என்பதுதான் இறகின் விவரத்தைச் சொல்லும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழ 1,000. நிக்கான் இசட் 8 மாதிரி 45 மெகாபிக்சலில் 1,380. கேனான் ஆர் 7 போன்ற 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் 1,870.

ஆக, "ஃபுல் ஃப்ரேமுக்கு மாறு" என்ற அறிவுரையைக் கேட்டு 24 மெகாபிக்சல் பாடி ஒன்றை வாங்கி, பழைய 300 லென்ஸையே அதில் போட்டால், தேன்சிட்டுக்குப் பறவை இப்போது இருப்பதைவிடச் சின்னதாகத்தான் தெரியும். உங்களுடைய 45 மெகாபிக்சல் பாடி நல்ல தேர்வு. பிக்சல் அடர்த்தியும் பெரிய பரப்பும் அதில் சேர்ந்தே வருகின்றன. அதற்கு மேல் லென்ஸுக்கும் மிச்சம் இருந்தால் தாராளமாக அந்த வழி போகலாம்.


நீர்க்காகம் எழுதியது:

சரி, பிம்பத்தின் அளவை மி.மீ.யில் யோசித்துப் பார்க்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ளலாம், கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனாலும் மான், நரி என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்தி வெளிச்சத்தில் அவை கிட்டத்தில் வரும்போது ஃபுல் ஃப்ரேம் கொடுக்கும் அழகு வேறு. பின்னணி கரைவதும் கூட.


வால்காக்கை எழுதியது:

நடப்பவர் என்பதால் என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஏபிஎஸ்-சியைவிடச் சின்ன சென்சார்). ஓஎம்-1 பாடி, 300 எஃப் 4 லென்ஸ். இந்த லென்ஸ் 2016-இல் ஒலிம்பஸ் பெயரில் வந்தது. 2021 ஜனவரியில் கேமரா பிரிவு ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குப் போன பிறகும் அதே வரிசை தொடர்கிறது. காலர் கழற்றினால் 1,270 கிராம். 600 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் பார்க்கும் அதே கோணத்தைப் பார்க்கும்.

காட்டுப்பாதை சொல்கிற கணக்குப்படி இதன் துளை 75 மி.மீ. தான், 95 இல்லை. பறவையின் மேல் பிக்சலும் மேலே சொன்ன உதாரணத்தில் சுமார் 900 தான் வரும். இதையெல்லாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்று இருக்கிறது. காலை முழுக்க நடந்து களைத்த பிறகும் நான் கேமராவைத் தூக்கத் தயங்குவதில்லை. புதருக்குள்ளிருந்து பறவை எட்டிப் பார்ப்பது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடிக்குள் கண்ணுக்கு வந்துவிடும் கேமராதான் படம் எடுக்கும். நிலைப்படுத்தல் லென்ஸிலும் பாடியிலும் சேர்ந்து வேலை செய்வதால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை நிழலில் 1/60 நொடியில் கூட கையில் பிடித்து எடுக்கிறேன். ஷட்டர் வேகத்தைக் குறைக்கக் குறைக்க ஐஎஸ்ஓவும் (சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவு) இறங்குகிறது. சின்ன சென்சாரின் நஷ்டம் ஓரளவு அங்கே ஈடாகிவிடும்.

இன்னொன்று ப்ரோ கேப்சர். பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே கேமரா படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். முழுதாக அழுத்தினால் அதற்கு முந்தைய கணங்களும் கார்டில் ஏறும். மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்தை மனித விரலால் பிடிப்பது ரொம்பக் கடினம். ஒலிம்பஸ் இதை 2016-இல் இ-எம்1 மார்க் 2-இலேயே தந்துவிட்டது. பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வாங்கும் முன், அந்த வசதி ரா கோப்பில் (சென்சார் பதிந்த பதப்படுத்தாத தரவு) கிடைக்கிறதா ஜேபெக்கில் மட்டுமா என்று பாருங்கள். நிக்கான் இசட் 8, இசட் 9 இரண்டிலும் ஜேபெக் மட்டும்தான்.


மரங்கொத்தி எழுதியது:

தம்பி, எல்லோரும் புதுசையே பேசுகிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. பழைய கை மாறிய சாமானைத் தள்ளிவிடாதீர்கள்.

நிக்கான் என்றால் 2016-இல் வந்த டி500, அதில் 500 எஃப் 5.6 பிஎஃப் லென்ஸ். 1,460 கிராம்தான், துளை 89 மி.மீ. ஃப்ரெனல் வகைக் கண்ணாடி உள்ளே இருப்பதால் அந்த எடையில் அது முடிகிறது. இன்றைக்கும் அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய லென்ஸ்கள் அதிகம் இல்லை. கேனான் என்றால் 400 எஃப் 5.6 எல். 1993-இல் வந்தது, நிலைப்படுத்தல் கிடையாது, 1,250 கிராம். பறக்கும் பறவைக்கு அதைவிடக் கைக்கு இலகுவான லென்ஸ் எனக்கு இதுவரை அமையவில்லை.

கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் வெளியிடவில்லை என்பது உண்மை. அதற்காகப் பழைய லென்ஸ் வீணாகிவிடாது. கேனான் இஎஃப் லென்ஸ் எல்லாம் அடாப்டர் வைத்து ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) நன்றாக ஓடும். நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர். அங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை: மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகளுக்குத்தான் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். பாடியின் மோட்டாரை நம்பியிருந்த பழைய டி வகை லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

ஆகவே இப்போது நல்ல பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி உங்கள் பாடியிலேயே போடுங்கள். பாடியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.


தேன்சிட்டு எழுதியது:

மரங்கொத்தி ஐயா, என்னிடம் இருப்பது கேனான். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தயக்கம் ஆட்டோஃபோகஸ் பற்றி. இலைகளுக்கு நடுவே இருக்கும் குருவியை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் குச்சியில் போய் ஃபோகஸ் உட்கார்ந்துவிடுகிறது. புது மிரர்லெஸ்ஸில் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இதை உண்மையிலேயே தீர்க்கிறதா?

காட்டுப்பாதை அண்ணா, வால்காக்கை, இருவருக்கும் நன்றி. பிம்பத்தின் மி.மீ. கணக்கு என் மண்டையில் நன்றாகப் பதிந்துவிட்டது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சில மாதிரிப் படங்களில் பறக்கும் பறவையின் இறக்கை விசித்திரமாக வளைந்திருக்கிறது. எலக்ட்ரானிக் ஷட்டர் காரணம் என்கிறார்கள். ஆர் 7 பற்றி இதையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.


செம்போத்து எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கப்படுகிறது. படித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிட்டால், மேல் வரியில் ஓரிடத்திலும் கீழ் வரியில் வேறிடத்திலும் அது பதிவாகும். வளைவு வருவது அதனால்தான். ஷட்டர் வேகத்தை 1/4000 வைத்தாலும் இது போகாது. ஒவ்வொரு வரியும் கூர்மையாக இருக்கும், ஆனால் வரிகள் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கும்.

இதற்கு மருந்து ஸ்டாக்டு சென்சார். நினைவகத்தைச் சென்சாரின் பின்னாலேயே அடுக்கி வைத்திருப்பதால் வேகமாகப் படித்துவிடும். ஃபுல் ஃப்ரேமில் முதலில் கொண்டுவந்தது 2017-இல் சோனி ஏ9. 2021-இல் வந்த நிக்கான் இசட் 9, அதை நம்பி மெக்கானிக்கல் ஷட்டரையே எடுத்துவிட்டது. ஏ9 மூன்றாம் பதிப்பில் குளோபல் ஷட்டர். எல்லா வரியும் ஒரே நேரத்தில், வளைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓஎம்-1-உம் ஸ்டாக்டு. ஏபிஎஸ்-சியில் ஃபூஜி எக்ஸ்-எச்2எஸ், 2022.

ஆர் 7 அந்த வகை இல்லை, மெதுவாகத்தான் படிக்கும். அதனால் எலக்ட்ரானிக் ஷட்டரில் பறக்கும் பறவை எடுத்தால் நீங்கள் பார்த்த வளைவு வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. அதிலேயே நொடிக்கு 15 படம் தருகிறது, தாராளம். என்ன, சத்தம் வரும். மெக்கானிக்கல் ஷட்டரின் படபடப்பில் அருகில் இருக்கும் மான் தலையைத் தூக்கிப் பார்க்கும், கூச்சமுள்ள பறவை கிளம்பிவிடும். உட்கார்ந்திருக்கும் உயிருக்கு எலக்ட்ரானிக், அசையும் உயிருக்கு மெக்கானிக்கல் என்று இரண்டு பொத்தானில் வைத்துக்கொள்பவர்கள் பலர்.


காட்டுப்பாதை எழுதியது:

செம்போத்து சொன்னது முழுக்கச் சரி. கண் கண்டுபிடிப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

கேனான் ஆர் 5 2020-இல் பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்தபோது, பறவைப் படம் எடுப்பதன் முறையே மாறியது என்று சொல்வேன். அதுவரை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் தலைமேல் வைத்திருப்பதிலேயே பாதிக் கவனம் போய்விடும். இப்போது அந்தக் கவனம் பின்னணிக்கும் பறவையின் அடுத்த அசைவுக்கும் கிடைக்கிறது. சோனி, நிக்கான், ஓஎம், ஃபூஜி எல்லோரும் இதைத் தருகிறார்கள். திறந்த கிளையில் இருக்கும் பறவைக்கு எல்லாமே நன்றாக வேலை செய்யும்.

குச்சி விஷயத்தில் முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். கேமரா பறவையை முதலில் ஓரளவு கூர்மையாகப் பார்த்தால்தான் அதைப் பறவை என்று அடையாளம் காணும். ஃபோகஸ் முன்னால் குச்சியில் உட்கார்ந்திருந்தால் பின்னால் இருக்கும் குருவி வெறும் மங்கலான பொட்டுதான். எந்தக் கணினிக்கும் அது பறவையாகத் தெரியாது. ஆகவே ஒரு பொத்தானில் சின்ன ஒற்றைப் புள்ளியையும் இன்னொன்றில் கண் கண்டுபிடிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் புள்ளியால் பறவைக்கு இழுத்து வந்துவிட்டு, பிறகு கண்ணுக்குக் கைமாற்றலாம். லென்ஸில் ஃபோகஸ் வளையத்தை எப்போது வேண்டுமானாலும் கையால் திருகும் வசதியை இயக்கி வையுங்கள். ஒரு திருகில் குச்சியைக் கடந்துவிடலாம்.

மரங்கொத்தி ஐயா சொன்ன 400 எஃப் 5.6 எனக்கும் பிடித்த லென்ஸ். ஆனால் நிலைப்படுத்தல் இல்லாத அந்த லென்ஸ், விடியலில் முக்காலி இல்லாமல் நடக்கும் ஒருவருக்கு ஒத்து வருமா என்று யோசிக்க வேண்டும். ஆர் 7 மாதிரி பாடிக்குள் நிலைப்படுத்தல் உள்ள ஒன்றில் மாட்டினால் ஓரளவு சரியாகும்.

இனி அவர் கேட்ட லென்ஸ்கள். சோனி 200-600-உம் நிக்கான் 180-600-உம் உள்ளேயே ஜூம் ஆகும். நீளம் மாறாது, கையில் சமநிலை மாறாது, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். ஓரிடத்தில் நின்று எடுப்பவருக்கு இவை இரண்டும் ரொம்ப நல்லவை, 600-இல் 95 மி.மீ. துளை வேறு. ஆனால் பையில் எப்போதும் முழு நீளம். கிட்டத்து ஃபோகஸ் 600-இல் 2.4 மீட்டர், வண்ணத்துப்பூச்சிக்கு அவ்வளவாக உதவாது.

கேனான் 100-500 நீண்டு சுருங்கும் வகை. துளை சிறியது, அதை நான் மறைக்கவில்லை. பதிலுக்கு பையில் சின்னதாக அடங்கும், 500-இல் 1.2 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், பொருளின் பிம்பம் நிஜ அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சென்சாரில் விழும். குருவி எடுத்துக்கொண்டிருக்கும்போது காலடியில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்தால் லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. கேனானின் 200-800 இன்னொரு வழி, 2023-இல் வந்தது. 800-இல் எஃப் 9, துளை 89. ஆனால் 2 கிலோவைத் தாண்டிவிடும்.

நிக்கான் 600 எஃப் 6.3 பிஎஃப் தனி ரகம். காலரோடு 1,470 கிராமுக்குள் 95 மி.மீ. துளை. எடைக்கு ஒளி என்று பார்த்தால் இன்று நடப்பவர்களுக்கு இதுதான் முதல் இடம் என்பது என் கணிப்பு. ஜூம் கிடையாது, மான் திடீரென்று பத்தடி தூரத்தில் வந்து நின்றால் அதன் முகம் மட்டும்தான் கிடைக்கும்.

பிற நிறுவனக் கேமராக்களுக்கு லென்ஸ் செய்யும் சிக்மா, டாம்ரான் பக்கமும் ஒரு வார்த்தை. சோனியில் அவர்களுடைய நீண்ட லென்ஸ்கள் பல கிடைக்கும். ஆனால் தொடர் படம் நொடிக்கு 15-க்கு மேல் போகாது, டெலிகன்வெர்ட்டரும் (குவியத் தூரத்தைக் கூட்டும் இடைத்துண்டு) மாட்ட முடியாது. டாம்ரான் 150-500 நிக்கான் இசட்டுக்கும் வந்திருக்கிறது. கேனான் ஆர்எஃப்பில் 2024 முதல் சிக்மாவும் டாம்ரானும் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் தரத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் 150-600 போன்றவை அந்த வரிசையில் இல்லை. கேனானுக்குள் போனால் நீண்ட லென்ஸுக்குக் கேனானை மட்டுமே நம்பியிருக்க வேண்டும், அல்லது பழைய இஎஃப் லென்ஸும் அடாப்டரும்.


நீர்க்காகம் எழுதியது:

லென்ஸ் அலசல் அருமை. ஆனால் எல்லோரும் எஃப் 6.3, 7.1 என்று சாதாரணமாகப் பேசுகிறீர்கள். விடியலில் 1/500 நொடி வைத்தால் எஃப் 6.3-இல் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் வெளிச்சத்தில், எஃப் 4 லென்ஸ் 2500-இலேயே முடித்துவிடும். ஏபிஎஸ்-சியில் 6400 என்பது லேசான விஷயம் இல்லை.


வால்காக்கை எழுதியது:

உண்மை. ஆனால் அந்த 600 எஃப் 4 அவர் தோளில் ஏறாதே. வீட்டில் இருக்கும் எஃப் 4-ஐவிடக் காட்டில் இருக்கும் எஃப் 7.1 மேல்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உட்கார்ந்த பறவைக்கு 1/500 தேவையில்லை. 1/125-க்கு இறங்கி, பத்துப் பதினைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் தலை அசையாத ஒன்றிரண்டு கட்டாயம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 6400 இருந்த இடம் 1600 ஆகிவிடும். இரண்டு, இன்றைய நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள். ரா கோப்பில் எடுத்திருந்தால் ஐஎஸ்ஓ 6400 படத்தை அழகாகத் துடைத்துத் தந்துவிடுகின்றன. அதற்காக எதையும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். பறவை ஃப்ரேமில் சின்னதாக இருந்து, அதை வெட்டிப் பெரிதாக்கினால், இறகைக் கற்பனையாக வரைந்து வைக்கிறது. அந்தப் படத்தை இனம் காண்பதற்கு யாரிடமாவது காட்டினால் தவறான முடிவுக்குப் போகலாம்.


பனங்காடை எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. காற்று.

வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து சூடு கிளம்பும். தொலைவில் இருக்கும் விலங்குக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்று அலையும். அப்போது 600 வைத்தாலும் 800 வைத்தாலும் படம் கலங்கித்தான் இருக்கும். ஃபோகஸ் தவறிவிட்டது, லென்ஸில் கோளாறு என்று பலர் திருப்பி அனுப்புவது இதனால்தான். புதிதாக வாங்கிய லென்ஸைச் சோதிப்பதாக இருந்தால் குளிர்ந்த காலையில், 10 மீட்டருக்குள் இருக்கும் ஒன்றை எடுத்துச் சோதியுங்கள். லென்ஸ் மறைப்பானுக்குள் இருக்கும் சூடான காற்றுகூடப் படத்தைக் கெடுக்கும். குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்குப் போனாலும் அப்படித்தான். கொஞ்ச நேரம் லென்ஸை வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

தூரத்தைப் பணத்தால் கடக்கப் பார்ப்பதை ஓரளவுக்கு மேல் நான் ஊக்குவிக்க மாட்டேன். தூரம் பாதியானால் பறவையின் மேல் விழும் பிக்சல் நான்கு மடங்கு. லென்ஸை மாற்றி அதைப் பெற வேண்டுமானால் குவியத் தூரம் இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் அந்தத் தூரத்தைப் பறவையே குறைக்க வேண்டும். நாம் துரத்திப் போகக் கூடாது. தண்ணீர்க் கரையில், பழம் பழுத்த மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்தால் அது வரும். கழுத்தை நீட்டிப் பார்க்கிறது, இரை தேடுவதை நிறுத்திவிட்டது, விடாமல் எச்சரிக்கைக் குரல் கொடுக்கிறது என்றால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம். கூட்டுக்கு அருகில் போவதும், குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டவே வேண்டாம். இதைச் சொல்வதற்காகவே இந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன்.


செம்போத்து எழுதியது:

பனங்காடை சொன்னதை வழிமொழிகிறேன்.


தேன்சிட்டு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதைப் படித்த பிறகு என் யோசனை வேறு வரிசையில் போகிறது. தெரிந்தவர் ஒருவரின் 200-600 லென்ஸை வாங்கித் தோளில் போட்டு நடந்தும் பார்த்தேன். நல்ல லென்ஸ், ஆனால் திரும்பி வரும்போது கேமரா பைக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் தென்பட்ட பறவைகளை வெறுமனே பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். எனவே 2 கிலோ வகை எனக்கு இல்லை.

மிச்சம் இருப்பது மூன்று. ஓஎம்-1-உம் 300 எஃப் 4-உம். நிக்கானில் 600 எஃப் 6.3, ஏதாவது ஒரு ஏபிஎஸ்-சி பாடியோடு. கேனான் ஆர் 7-உம் 100-500-உம். ஒளிக்கு நிக்கான், கைக்கு ஓஎம் என்று தெரிகிறது. ஆனால் மானும் வண்ணத்துப்பூச்சியும் வேண்டும் என்பதால் ஜூம் எனக்கு முக்கியம். ஏற்கெனவே இருக்கும் இஎஃப் லென்ஸ்களும் வீணாகாது. அதனால் கேனான் பக்கம் சாய்கிறேன். 70 மி.மீ. துளைதான் என்று தெரிந்தே போகிறேன். விடியலின் முதல் அரைமணி நேரத்தைப் பறவை பார்க்க வைத்துக்கொள்வேன்.

ஒரு கடைசிச் சந்தேகம். 1.4 டெலிகன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்கிவிடலாமா?


நீர்க்காகம் எழுதியது:

உங்கள் தேவைக்கு நல்ல முடிவு. என்றாவது ஃபுல் ஃப்ரேம் ஆர் வரிசைப் பாடி வாங்கினாலும் அதே லென்ஸ் அதில் முழுதாக வேலை செய்யும். மான்களுக்கு அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.


காட்டுப்பாதை எழுதியது:

டெலிகன்வெர்ட்டர் இப்போது வேண்டாம். எஃப் 7.1 இருப்பது எஃப் 10 ஆகிவிடும், ஆர் 7-இன் பிக்சல் ஏற்கெனவே 3.2 மைக்ரான்தான். அவ்வளவு சின்னப் பிக்சலில் எஃப் 10 வரும்போது டிஃப்ராக்ஷன் (சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து படம் மங்குவது) அதிகமாகும், புதிதாகக் கிடைக்கும் விவரம் மிகக் குறைவு. அந்த லென்ஸில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: கன்வெர்ட்டர் மாட்டினால் 300-க்குக் கீழே ஜூம் செய்ய முடியாது, லென்ஸ் சுருங்கிப் பைக்குள் அடங்கவும் அடங்காது. நீங்கள் இந்த லென்ஸைத் தேர்ந்தெடுத்த காரணங்களே போய்விடும்.

அந்தப் பணத்தில் வேகமான யுஎச்எஸ்-2 கார்டு இரண்டு வாங்குங்கள். நொடிக்கு 15 படம் ரா கோப்பில் எடுத்தால் ஆர் 7-இன் பஃபர் (படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவகம்) சில நொடிகளிலேயே நிரம்பிவிடும். கார்டு மெதுவானது என்றால் அது காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கூடுதலாக ஒரு பேட்டரி. பறவை எடுக்கும்போது இடைவிடாமல் வ்யூஃபைண்டர் எரிந்துகொண்டிருப்பதால், டிஎஸ்எல்ஆரில் பழகிய கணக்கில் ஒரு பேட்டரியோடு போனால் பாதிக் காலையில் தீர்ந்துவிடும்.